54 முதல் 67 வரை: வெம்ப்ளி இறுதியாட்டத்தில் சவுத்கேட் காத்திருந்த நிமிடங்கள்

இங்கிலாந்துக் காற்பந்து அணியின் முன்னாள் பயிற்றுநர் கேரத் சவுத்கேட்டைப் பற்றி கோலாலம்பூரில் பேச்செடுத்தால் இன்றைக்கும் இரண்டு கட்சிதான். 55 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தை ஓர் இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோனவரைக் குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்பது ஒரு கட்சி. கைக்கு வந்த கிண்ணத்தைப் பயத்தால் விட்டுக்கொடுத்தவர் என்பது இன்னொரு கட்சி. பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் மாமாக் கடைகளில் இரண்டாவது கட்சியின் குரல்தான் ஓங்கிக் கேட்கும். நானும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் ‘பயந்தாங்கொள்ளி’ என்ற ஒரு சொல்லோடு வழக்கை முடித்துவிட எனக்கு மனமில்லை. ஒரு பயிற்றுநர் தற்காப்பாக ஆடுவது குற்றமல்ல. எந்த நிமிடத்தில், என்ன தெரிந்திருந்தும், எதைச் செய்யாமல் இருந்தார் என்று பார்த்தால்தான் ரசிகர்களின் கோபத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பது தெரியும்.

அதற்கு 2021 ஜூலை 11 அன்று வெம்ப்ளியில் இத்தாலிக்கு எதிராக நடந்த யூரோ (ஐரோப்பியக் கிண்ண) இறுதியாட்டத்தைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை. நமக்கு அது ஜூலை 12, திங்கட்கிழமை விடியற்காலை 3 மணி. நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த நேரம். கிள்ளான் பள்ளத்தாக்கில் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட அனுமதியில்லை. வழக்கமாக இப்படியொரு ஆட்டம் என்றால் பெரிய திரை வைத்து, தே தாரிக் ஆறிப்போகும்வரை கத்தித் தீர்க்கும் கூட்டம், அன்றைக்கு வீட்டு வரவேற்பறையில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தது. கோபமெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் கொட்டியது. அதனாலேயே ஒரு நன்மை: எந்த நிமிடத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது கைப்பேசியில் அப்படியே பதிவாகி நின்றது. ‘ஆட்டம் முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் புத்திசாலி ஆகலாம்’ என்று ரசிகர்களை வழக்கமாக மடக்கும் வாதம் அன்றைக்கு எடுபடவில்லை. “அண்ணே, சாக்காவ எறக்கச் சொல்லுங்கண்ணே” என்று, பெஞ்சில் இருந்த தாக்குதல் ஆட்டக்காரரைக் கேட்ட குரல் இத்தாலியின் பொனூச்சி சமன் கோல் போட்ட பிறகு வந்ததல்ல, அதற்கு முன்பே வந்தது.

முன்கதை

அந்தப் போட்டியில் சவுத்கேட்டின் எச்சரிக்கைக்கு நல்ல பலன் கிடைத்திருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இறுதியாட்டத்துக்கு வரும்வரை இங்கிலாந்து வாங்கியது ஒரே கோல். அரையிறுதியில் டென்மார்க்கின் டாம்ஸ்கார்ட் அடித்த ஃபிரீகிக் அது. மற்ற ஐந்து ஆட்டங்களில் கோல்காவலர் பிக்ஃபோர்டின் வலைக்குள் பந்து போகவே இல்லை.

இரண்டாவது சுற்றில் ஜெர்மனிக்கு எதிராக, பின்னர் இறுதியாட்டத்தில் ஆடப்போகும் அதே மூன்று மையத் தற்காப்பு அமைப்பைத்தான் அவர் பயன்படுத்தினார். ஆனால் அந்த ஆட்டத்தில் நடந்த ஒன்று முக்கியம். கோல் இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் 69ஆவது நிமிடம் தாக்குதல் ஆட்டக்காரர் கிரீலிஷை இறக்கினார். அவர் வந்த பிறகு இரண்டு கோல்கள் விழுந்தன, இரண்டிலும் அவர் கால் இருந்தது. அதாவது, இறுக்கமான ஆட்டத்தைத் திறக்கும் சாவி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்பது சவுத்கேட்டுக்குப் புதிய செய்தி அல்ல.

அரையிறுதியில் அதே கிரீலிஷ் 69ஆவது நிமிடம் உள்ளே வந்தார். கூடுதல் நேரத்தில் கேன் கோல் போட்டு 2-1 ஆனதும் 106ஆவது நிமிடம் வெளியே அழைக்கப்பட்டார். மாற்று ஆட்டக்காரராக வந்தவரையே மாற்றியதைப் பார்த்து நம்மவர்கள் பலர் கொதித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டென்மார்க் தன் மாற்றங்களையெல்லாம் முடித்துவிட்டு, ஒருவர் காயப்பட்டதால் பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் ட்ரிப்பியரை இறக்கி, ஐந்து பேரைப் பின்னால் வைத்து, பந்தைத் தன் காலிலேயே வைத்திருந்தது இங்கிலாந்து. அது கச்சிதமான முடிவு. சவுத்கேட் செய்த எல்லா எச்சரிக்கையும் தவறு என்று ஒரே கோணியில் கட்டிவிட முடியாது.

ஆட்டத்தின் முதல் பாதி

இறுதியாட்டத்துக்குச் சாக்காவை உட்கார வைத்துவிட்டு ட்ரிப்பியரைச் சேர்த்தபோதே முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. சொந்தத் திடல், 67,000க்கு மேற்பட்ட ரசிகர்கள், இங்கே எதற்கு இன்னொரு தற்காப்பு ஆட்டக்காரர்? பதில் இரண்டே நிமிடத்தில் வந்தது. வலப்பக்கமிருந்து ட்ரிப்பியர் தூக்கிப் போட்ட பந்தை இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் லூக் ஷா ஓடிவந்து அடித்தார். 1 நிமிடம் 57 விநாடி. யூரோ இறுதியாட்ட வரலாற்றிலேயே மிக விரைவான கோல். ஓரத் தற்காப்பு ஆட்டக்காரர்கள் இருவரையும் முன்னே அனுப்பி இத்தாலியின் அகலத்தை நீட்டும் திட்டம் அது. ஆகவே தொடக்க அணித் தேர்வைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அது வேலை செய்தது.

முதல் அரைமணி நேரம் இத்தாலி தடுமாறியது. 33 ஆட்டங்கள் தோற்காமல் வந்த அணி, அந்த நேரத்தில் அப்படித் தெரியவில்லை. அப்புறம் மெல்ல மெல்லப் பந்து இத்தாலியின் மத்தியத் திடல் ஆட்டக்காரர்கள் ஜோர்ஜினியோ, வெராத்தி இருவரின் காலுக்குப் போய்ச் சேர்ந்தது. இடைவேளைக்கு முன்பே இங்கிலாந்து பின்வாங்கத் தொடங்கிவிட்டது.

அந்தப் பதின்மூன்று நிமிடங்கள்

வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

54ஆவது நிமிட வாக்கில் இத்தாலியின் பயிற்றுநர் மான்சினி இரண்டு மாற்றங்கள் செய்தார். பரெல்லாவுக்குப் பதில் கிறிஸ்டான்டே, இம்மோபிலேக்குப் பதில் பெரார்டி. முதல் மாற்றம் சாதாரணம். இரண்டாவதுதான் ஆட்டத்தைப் புரட்டியது. இம்மோபிலே மைய முன்னணி ஆட்டக்காரர். அவரை எடுத்துவிட்டு, உயரம் குறைந்த, பந்தோடு சுழலக்கூடிய இன்சினியேவை நடுவில் நிறுத்தினார் மான்சினி. கியேசா இடப்பக்கம் போனார், பெரார்டி வலப்பக்கம் நின்றார்.

இதனால் என்ன ஆயிற்று? இங்கிலாந்தின் வாக்கர், ஸ்டோன்ஸ், மெகுவாயர் மூவரும் ஒரு முன்னணி ஆட்டக்காரரைக் காவல் காக்க நின்றவர்கள். அந்த ஆளே இப்போது அங்கே இல்லை. இன்சினியே பின்னால் இறங்கி மத்தியத் திடலுக்குள் கலந்துவிட்டார். அவரைத் துரத்திக்கொண்டு மெகுவாயர் முன்னே போனால் முதுகுக்குப் பின்னால் இடைவெளி. போகாமல் நின்றால் மத்தியத் திடலில் ரைஸும் பிலிப்ஸும் இரண்டு பேர், இத்தாலிக்கு ஜோர்ஜினியோ, வெராத்தி, கிறிஸ்டான்டே, இன்சினியே என்று நான்கு பேர். ஓட்டை அடைக்க மவுண்ட்டும் ஸ்டெர்லிங்கும் கீழே இறங்க, முன்னால் கேன் ஒற்றை ஆளாக நின்றார். பின்னாலிருந்து அடித்து வெளியேற்றிய பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள யாரும் இல்லை. பந்து போன வேகத்தில் திரும்பி வந்தது.

தொலைக்காட்சியில் பார்த்த நமக்கே இது தெரிந்தது. ரகசியமான தந்திரம் ஒன்றுமில்லை. 57ஆவது நிமிடம் இன்சினியேயின் அடியைப் பிக்ஃபோர்ட் தடுத்தார். 62ஆவது நிமிடம் கியேசா மூன்று பேரைத் தாண்டி அடித்ததை விரல் நுனியில் தடுத்தார். இரண்டு எச்சரிக்கை மணி. இங்கிலாந்து பெஞ்சில் கிரீலிஷ், சாக்கா, சான்சோ, ராஷ்ஃபோர்ட், ஹெண்டர்சன், பெல்லிங்ஹாம் எல்லாரும் இருந்தார்கள். 90 நிமிடத்துக்குள் ஐந்து மாற்றம், கூடுதல் நேரத்தில் ஆறாவது மாற்றம் ஒன்று என அந்தப் போட்டியின் விதி தாராளமாகவே இருந்தது. யாரும் எழவில்லை.

67ஆவது நிமிடம் கார்னர். வெராத்தியின் தலையடியைப் பிக்ஃபோர்ட் கம்பத்தில் தட்டிவிட, திரும்பி வந்ததைப் பொனூச்சி உள்ளே தள்ளினார்.

அதற்கு மூன்று நிமிடம் கழித்துத்தான் சாக்கா வந்தார். 74ஆவது நிமிடம் ரைஸுக்குப் பதில் ஹெண்டர்சன். அந்த அணியில் பந்தை முன்னே இழுத்துக்கொண்டு ஓடக்கூடிய மத்தியத் திடல் ஆட்டக்காரர் ரைஸ் ஒருவர்தான், அவரையே எடுத்தது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. கிரீலிஷ் வந்தது 99ஆவது நிமிடம். ஜெர்மனிக்கு எதிராக 69ஆவது நிமிடம் திறந்த சாவியை இங்கே முப்பது நிமிடம் தாமதமாக எடுத்தார்.

நான் சொல்ல வருவது இதுதான்: ரசிகர்களின் கோபத்துக்குக் காரணம் சவுத்கேட் தற்காத்ததல்ல. எதிரணிப் பயிற்றுநர் காயை நகர்த்தியதைக் கண்ணால் பார்த்தும், அதன் விளைவு கோலாக விழும்வரை பதில் நகர்த்தாமல் இருந்ததுதான். முன்னிலையில் இருக்கும்போது மாற்றம் செய்வது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. மாற்றிய பிறகு கோல் விழுந்தால் பழி மாற்றியவர் மேல் வரும். மாற்றாமல் கோல் விழுந்தால் அது ஆட்டத்தின் போக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்பதைப் பயிற்றுநர்கள் மறந்துவிடும் இடம் இது. அன்றைக்கு மான்சினி ஆறு மாற்றங்களையும் பயன்படுத்தினார். சவுத்கேட் ஐந்து, அதில் இரண்டு 120ஆவது நிமிடத்தில்.

களைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். இத்தாலி ஸ்பெயினோடு 120 நிமிடம் ஆடியது ஜூலை 6. இங்கிலாந்து டென்மார்க்கோடு 120 நிமிடம் ஆடியது ஜூலை 7. ஒரு நாள் ஓய்வு குறைவு. முன்கூட்டியே புதிய கால்களை இறக்க வேண்டிய தேவை இங்கிலாந்துக்குத்தான் அதிகம் இருந்தது.

இது ஒரு நாள் சறுக்கலாக இருந்திருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். சரியாக மூன்று ஆண்டுகளுக்கு முன், அதே ஜூலை 11ஆம் தேதி, 2018 உலகக் கிண்ண அரையிறுதி. மாஸ்கோவில் குரோஷியாவுக்கு எதிராக 5ஆவது நிமிடம் ட்ரிப்பியரின் ஃபிரீகிக் கோல். பிற்பகுதியில் குரோஷியா மத்தியத் திடலைப் பிடித்தது. 68ஆவது நிமிடம் பெரிசிச் சமன் செய்தார். இங்கிலாந்தின் முதல் மாற்றம் 74ஆவது நிமிடம். 109ஆவது நிமிடம் மாண்ட்சூகிச் முடித்து வைத்தார். 2021ஐயும் 2018ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விரைவான கோல், பின்வாங்கல், அறுபதுகளின் கடைசியில் சமநிலை, அதன் பிறகுதான் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பது. முதல் முறையை அனுபவக் குறைவு என்று விடலாம். இரண்டாவது முறை அது பழக்கம்.

120ஆவது நிமிடம்

பினால்டிக்காகவே ராஷ்ஃபோர்டையும் சான்சோவையும் கடைசி நிமிடத்தில் இறக்கியதைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது. எனவே சுருக்கமாக. பந்தைத் தொட்டு உடம்பைச் சூடாக்கிக்கொள்ளக்கூட அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. ராஷ்ஃபோர்ட் கம்பத்தில் அடித்தார், சான்சோவின் அடியை இத்தாலியின் கோல்காவலர் டொனாரும்மா தடுத்தார். ஜோர்ஜினியோவைப் பிக்ஃபோர்ட் தடுத்துக் கொடுத்த உயிரை, ஐந்தாவதாக வந்த 19 வயது சாக்கா தக்கவைக்க முடியவில்லை. பினால்டியில் இத்தாலி 3-2 என்று வென்றது.

இதில் சான்றுகள் ஒரு பக்கமாகச் சாயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 120 நிமிடமும் ஆடிய ஜோர்ஜினியோவும் தவறவிட்டார். மான்சினியும் 118ஆவது நிமிடம் ஃபுளோரென்சியை இறக்கினார், ஆனால் அவரை முதல் ஐந்து பேரில் சேர்க்கவில்லை. பயிற்சியில் யார் நன்றாக அடித்தார்களோ அவர்களைத்தான் தேர்ந்தெடுத்தேன், பொறுப்பு என்னுடையது என்று சவுத்கேட் அப்போதே சொன்னார். 1996 யூரோ அரையிறுதியில் அதே வெம்ப்ளியில் ஜெர்மனிக்கு எதிராகப் பினால்டியைத் தவறவிட்டவர் அவர். அந்த வலி தெரிந்த மனிதர். அவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. என் கேள்வி வேறு: பினால்டியில் நம்பத் தகுந்த அந்த இருவரை 75ஆவது நிமிடத்தில் ஆட்டத்தை வெல்ல ஏன் நம்பவில்லை? சான்சோ காலிறுதியில் உக்ரைனுக்கு எதிராகத் தொடக்கத்திலிருந்தே ஆடியவர். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வரப்போகிறார் என்ற செய்தி வந்த சூட்டில், நம்மூர் யுனைடெட் ரசிகர்கள் அவர் இறங்குவதைப் பார்க்க விடிய விடியக் காத்திருந்தார்கள்.

ஆட்டம் முடிந்தபோது இங்கே மணி ஆறை நெருங்கிவிட்டது. அடுத்த சில மணி நேரத்தில் அந்த மூன்று கறுப்பின இளைஞர்கள் மேல் இணையத்தில் கொட்டிய இனவெறி வசவுகளை நாம் எல்லாரும் பார்த்தோம். மான்செஸ்டரில் ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தையும் சிதைத்தார்கள். நம்மில் சிலர் அந்த வசவுகளைக் கேலிப் படங்களாக அனுப்பிக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம். தோலின் நிறத்தை வைத்து ஏளனம் செய்தால் எப்படி வலிக்கும் என்று இந்த நாட்டில் வாழும் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயிற்றுநரின் முடிவைத் திட்டுவது வேறு. அந்த முடிவின் சுமையைத் தோளில் தாங்கி நடந்துபோன பிள்ளைகளைத் திட்டுவது வேறு.

ராஜகோபாலின் எச்சரிக்கை

‘அப்படியென்றால் எப்போதும் தாக்கித்தான் ஆட வேண்டுமா?’ என்று முதல் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். இல்லை. எச்சரிக்கையாக ஆடிக் கிண்ணம் வாங்கிய ஒருவரை நாம் நேரிலேயே பார்த்திருக்கிறோம். 2010 ஆசியான் வெற்றியாளர் கிண்ணத்தில் மலேசியாவை வழிநடத்திய டத்தோ கே. ராஜகோபால்.

அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 5-1 என்று அடிவாங்கியது நம் அணி. இளம் ஆட்டக்காரர்கள். அதே அணி பிறகு அரையிறுதியில் புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 2-0 என்று வென்று, ஹனோயில் 0-0 என்று பூட்டிவிட்டு வந்தது. இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் டிசம்பர் 26, புக்கிட் ஜாலில், 3-0. டிசம்பர் 29 ஜகார்த்தாவின் கெலோரா பூங் கார்னோ அரங்கில் இரண்டாம் ஆட்டம். மூன்று கோல் முன்னிலையோடு போகும் எந்தப் பயிற்றுநரும் தற்காக்கத்தான் செய்வார். ராஜகோபாலும் செய்தார். முற்பகுதியில் கோல்காவலர் கைருல் ஃபாமி ஒரு பினால்டியைத் தடுத்தார்.

ஆனால் அன்றைய தற்காப்பில் ஒரு பல் இருந்தது. சாஃபி சாலி முன்னால் நின்றார், பந்து வெளியே வந்தால் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. 54ஆவது நிமிடம் எதிர்த்தாக்குதலில் சாஃபி கோல் போட்டார். மொத்தக் கணக்கு 4-0. அதன் பிறகு இந்தோனேசியா இரண்டு கோல் போட்டும் ஒன்றும் ஆகவில்லை. முதன்முறையாக அந்தக் கிண்ணம் மலேசியாவுக்கு வந்தது, டிசம்பர் 31 நாடு முழுக்கப் பொது விடுமுறை. ஒரு தமிழர் பயிற்றுநராக நின்று வாங்கித் தந்த கிண்ணம் என்று செந்தூலில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

இரண்டு ஆட்ட மோதலில் மூன்று கோல் முன்னிலையும், ஒரே ஆட்டத்தில் ஒரு கோல் முன்னிலையும் ஒன்றல்ல என்பது உண்மை. அந்த வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. எதிரணியை மிரட்டக்கூடிய ஓர் ஆளை முன்னால் வைத்துக்கொண்டு தற்காப்பது ஒரு வகை. எல்லாரையும் கீழே இறக்கி, மணியைப் பார்த்துக்கொண்டு தற்காப்பது இன்னொரு வகை. வெம்ப்ளியில் இத்தாலி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரம் பந்தை வைத்திருந்தது. இங்கிலாந்தின் வேகமான ஓரத் தாக்குதல் ஆட்டக்காரர்களில் சாக்கா, சான்சோ, ராஷ்ஃபோர்ட் மூவரும் 67ஆவது நிமிடம் வரை பெஞ்சில்தான் இருந்தார்கள். இத்தாலியின் ஓரத் தற்காப்பு ஆட்டக்காரர்கள் பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஏறி வந்ததற்கு அதுதான் காரணம்.

2024இல் திருந்தினாரா?

பாதி. ஜெர்மனியில் நடந்த அந்த யூரோவில் குழு ஆட்டங்கள் பார்க்கவே சலிப்பாக இருந்தன. ஸ்லோவேனியாவோடு 0-0 ஆன பிறகு கொலோனில் சொந்த ரசிகர்களே அவரை நோக்கிப் பிளாஸ்டிக் குவளைகளை எறிந்தார்கள். அது தவறு, எந்தப் பயிற்றுநருக்கும் அது நடக்கக் கூடாது. ஸ்லோவாக்கியாவுக்கு எதிராகப் பின்தங்கியிருந்தும் முன்னணி ஆட்டக்காரர் டோனியை 94ஆவது நிமிடத்தில்தான் இறக்கினார். பெல்லிங்ஹாமின் அந்தரத்துக் கோல் காப்பாற்றியது.

ஆனால் அரையிறுதியில், நெதர்லாந்துடன் 1-1 என்று இருந்தபோது, 81ஆவது நிமிடம் பால்மரையும் வாட்கின்ஸையும் சேர்த்து இறக்கினார். எதிரணி கோல் போடக் காத்திருக்கவில்லை. பால்மர் கொடுக்க, வாட்கின்ஸ் அடிக்க, 90 நிமிடம் தாண்டிய கணத்தில் வெற்றி. மாமாக் கடைகள் அப்போது திறந்திருந்தன. அன்று விடியற்காலை சவுத்கேட்டைப் பாராட்டிய குரல்களில் மூன்று ஆண்டுகளாக அவரைத் திட்டியவர்களின் குரலும் இருந்தது. ரசிகர்கள் கேட்டது இவ்வளவுதான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

பெர்லின் இறுதியாட்டத்தில் ஸ்பெயினுக்காக நிக்கோ வில்லியம்ஸ் 47ஆவது நிமிடம் கோல் போட்டார். 61ஆவது நிமிடம் கேனை எடுத்துவிட்டு வாட்கின்ஸை இறக்கினார் சவுத்கேட். 70ஆவது நிமிடம் பால்மர். மூன்றே நிமிடத்தில் பால்மர் சமன் செய்தார். அந்தக் கணத்தில் ஆட்டம் இங்கிலாந்தின் பக்கம் சாய்ந்திருந்தது, ஸ்பெயின் தலைசுற்றி நின்றது. கையில் இன்னும் மூன்று மாற்றங்கள். அடுத்த 13 நிமிடமும் பெஞ்சிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஸ்பெயின் 68ஆவது நிமிடம் இறக்கிய ஒயார்சபால் 86ஆவது நிமிடம் வெற்றிக் கோலைப் போட்டார். அதற்குப் பிறகுதான், 89ஆவது நிமிடம், டோனி வந்தார். மீதி இரண்டு மாற்றங்கள் பயன்படுத்தப்படவே இல்லை.

ஜூலை 16 அன்று சவுத்கேட் பதவி விலகினார். 102 ஆட்டங்கள், தொடர்ந்து இரண்டு யூரோ இறுதியாட்டங்கள். இங்கிலாந்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது அவருடைய நிதானம்தான் என்பதை நான் மறுக்கவில்லை. முன்கூட்டியே மாற்றியிருந்தால் வென்றிருப்பார்கள் என்று சத்தியம் செய்யவும் முடியாது. இத்தாலியும் ஸ்பெயினும் சிறந்த அணிகள். ஆனால் சாக்காவுக்கும் கிரீலிஷுக்கும் 54ஆவது நிமிடத்திலிருந்து ஆட நேரம் கொடுத்துத் தோற்றிருந்தால், அந்தத் திங்கட்கிழமை காலை நாங்கள் வருத்தத்தோடு வேலைக்குப் போயிருப்போம், கோபத்தோடு அல்ல.